எழுபது முழமும் பதினொரு சாணும்
பாவாதமலைப் பாதை பற்றிச் சில குறிப்புகள்

கல்முனைப் பட்டினத்தின் நடுவே ஓடுகிற வீதியை நாம் 'மெயின் ரோட்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அரசாங்கப் பதிவேட்டில் அதற்கு ஏ-4 என்று பெயர். கொழும்பில் தொடங்கி அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில், அக்கரைப்பற்று வழியாக வந்து, எங்கள் கடைத்தெருவைக் கடந்து மட்டக்களப்பில் முடிகிற 430 கிலோமீற்றர் வீதி அது. சாய்ந்தமருதிலே மீனுக்கு விலை கேட்டு நிற்பவரும் இரத்தினபுரியிலே மாணிக்கக்கல்லுக்கு விலை கேட்டு நிற்பவரும் ஒரே வீதியின் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். இந்தச் சின்ன விடயம் எனக்குத் தெரியவர நாற்பது வயது கடந்துவிட்டது. கரையோரத்தில் பிறந்தவனுக்குக் கிழக்கே பார்ப்பதுதான் பழக்கம். 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்து போன பின்னர் அந்தப் பார்வையில் பயமும் சேர்ந்துகொண்டது. மேற்கே வயலுக்கு அப்பால் நீலமாகத் தெரிகிற மலைகளை நாம் மழைக்குறி பார்ப்பதற்கு அதிகமாகப் பயன்படுத்தியதில்லை.

எட்டாம் தரத்தில் வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்து, "சேர், பாவாதமலை நம்மடயா, அவங்கடயா?" என்று கேட்டான். பாடப்புத்தகத்தில் சிவனொளிபாதமலை என்று இருந்தது. வீட்டில் அவனுடைய மூத்தம்மா பாவாதமலை என்று சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒரே மலை என்று தெரிந்ததும் அவனுக்கு வந்த முதற் சந்தேகம் அதுதான். அந்த வயதில் எனக்கு அப்படியொரு கேள்வி வந்திருக்காது. காலம் அவனுக்கு அதைக் கற்றுக் கொடுத்திருக்கிறது. அன்று நான் ஏதோ சமாளித்தேன். சரியான பதில் சொல்ல வேண்டுமானால் இரண்டு வேலை செய்ய வேண்டும் என்று தோன்றியது. பழைய நூல்களைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது ஒன்று, அந்த மலையில் ஒரு தரமாவது ஏறிப் பார்ப்பது மற்றொன்று.

முதலில் நூல்கள். ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் பூமியில் இறங்கிய இடத்தைக் குர்ஆன் பெயர் குறித்துச் சொல்லவில்லை. ஸரந்தீப் என்பது பிற்கால அறிவிப்புகளிலும் அரபு நாட்டுக் கடலோடிகளின் பேச்சிலும் வளர்ந்த மரபு. கி.பி. 851ஐச் சேர்ந்த, வணிகர் ஸுலைமான் பெயரோடு வழங்குகிற அரபு நூலில் அந்த மலை 'அர்-ரஹூன்' என்று வருகிறது. அதன் உச்சியில் ஆதமின் காலடி இருக்கிறது, நீளம் சுமார் எழுபது முழம், மறு காலை அவர் கடலில் வைத்தார் என்கிறது அந்நூல். எழுபது முழம் என்றால் நூற்றைந்து அடி. துறைமுகத்தில் கேட்டதைக் கேட்டபடி எழுதியவரின் அளவு அது.

அதற்கு ஐந்நூறு ஆண்டுகள் கழித்து ஒருவர் நடந்தே போய்ப் பார்த்தார். 1344இல் மாலைதீவில் காழி வேலையை விட்டுவிட்டு மஃபருக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பல் காற்றுக்கு இலங்கைக் கரையில் ஒதுங்கியது. இறங்கிய இடம் புத்தளம். அப்போது அவருக்கு வயது நாற்பது. அந்தக் கரையை ஆண்டுகொண்டிருந்த ஆரியச் சக்கரவர்த்தி பாரசீக மொழி விளங்கக்கூடியவர். முத்துக்களைக் காட்டி, வேண்டியதைக் கேள் என்றபோது, இந்தத் தீவுக்கு வந்ததிலிருந்து எனக்கு ஒரே ஆசை, ஆதமின் பாதத்தைத் தரிசிப்பது என்றாராம் இவர். (ஆதமை அவர்கள் 'பாபா' என்றும் ஹவ்வாவை 'மாமா' என்றும் அழைக்கிறார்கள் என்று அவர் குறித்து வைத்திருக்கிறார். நமது 'பாவா ஆதம்' எவ்வளவு பழைய சொல் என்பதற்கு இது போதும்.) அரசர் ஒரு பல்லக்கும், சுமப்பதற்கு ஆட்களும் கொடுத்தார். கூடவே, வருடந்தோறும் அம்மலைக்குப் போய்வருகிற நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், தம் பரிவாரத்தில் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர்.

இந்தப் பட்டியலை நான் பல முறை வாசித்திருக்கிறேன். வழி தெரிந்த யோகிகளின் பின்னால்தான் அந்த மொரோக்கோ நாட்டு ஆலிம் ஆதமின் காலடிக்கு நடந்தார். அவரை அனுப்பிவைத்தவர் ஒரு தமிழ் இந்து மன்னர். பையனின் கேள்விக்குப் பாதிப் பதில் இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.

மற்றப் பாதி அவ்வளவு இனிமையானதல்ல. நம்முடைய மேடைகளில் இப்னு பதூதாவை எடுத்துப் பேசுகிறவர்கள், இந்தத் தீவின் மக்கள் முஸ்லிம்களைக் கண்ணியப்படுத்தினார்கள், வீட்டில் தங்கவைத்து உணவளித்தார்கள் என்று அவர் எழுதியதைச் சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள். அது உண்மைதான். ஆனால் அவர் குனகார் என்று எழுதுகிற தலைநகரைப் பற்றிய பக்கத்தை அவர்கள் திறப்பதில்லை. அந்நகருக்கு வெளியே ஷீராஸ் தேசத்து ஷெய்கு உஸ்மான் என்பவருக்கு ஒரு பள்ளிவாசல் இருந்தது. அரசனும் நகரத்தாரும் அவரைப் போய்க் கண்டு மரியாதை செய்வார்கள். ஆதம் மலைக்குப் போகிறவர்களுக்கு வழிகாட்டி அவர்தான். ஒரு பசுவை அறுத்ததற்காக அவருடைய ஒரு கையும் ஒரு காலும் துண்டிக்கப்பட்டன. சட்டப்படி அதற்குத் தண்டனை மரணம். ஷெய்கின் மீதிருந்த மதிப்பினால் கை காலோடு விட்டார்கள், அத்துடன் ஒரு சந்தையின் வருமானத்தையும் அவருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பின்னர் அவருடைய பிள்ளைகளும் அடிமைகளும் வழிகாட்டிகளானார்கள். இப்னு பதூதா இதை ஒப்பாரியாகவும் எழுதவில்லை, குற்றப்பத்திரிகையாகவும் எழுதவில்லை. மதிப்பும் இருந்தது, எல்லையும் இருந்தது, எல்லை மீறப்பட்டபோது வெட்டும் இருந்தது, வெட்டிய கையே வருமானமும் கொடுத்தது. இதில் ஒரு வரியை மட்டும் உருவி எடுப்பவர், அது எந்த வரியாக இருந்தாலும், அந்த ஷெய்குக்கு நியாயம் செய்தவராக மாட்டார்.

இனி நடந்த கதை.

மலை திறந்திருக்கும் பருவத்தில், அதாவது டிசம்பர் பௌர்ணமிக்கும் வெசாக் பௌர்ணமிக்கும் இடைப்பட்ட காலத்தில், ஒரு பாடசாலை விடுமுறையில் நானும் கணிதம் படிப்பிக்கும் நண்பர் ஒருவரும் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். புறப்படுகிற இரவு வீட்டில் ஒரு சிறிய வழக்கு. "தொப்பிய பேக்குக்குள்ள வெச்சிட்டுப் போங்க" என்றார் மனைவி. 2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்தக் கரையோரத்து மனைவிமார் சொல்லப் பழகிக்கொண்ட வாக்கியம் அது. நண்பருக்குத் தாடி உண்டு, அதைப் பைக்குள் வைக்க முடியாது. தொப்பியோடேயே போனோம்.

பொத்துவில் தாண்டி லகுகல காட்டுக்குள் வீதி நுழையும்போது சுபஹுத் தொழுதுவிட்டு நேரத்தோடு வந்ததற்குத் தண்டனை கிடைத்தது. வீதிக்குக் குறுக்கே இரண்டு யானைகள், ஒரு குட்டி. எஞ்சினை நிறுத்திவிட்டு நாற்பது நிமிடம் நின்றோம். நண்பருக்குச் சொல்வதற்கு என்னிடம் ஒரு கதை இருந்தது. ஹிஜ்ரி 371இல், கி.பி. 982இல், வபாத்தான ஷீராஸ் நகரத்து ஸூபி இப்னு கபீபைப் பற்றி இப்னு பதூதா கேட்டு எழுதிய கதை. முப்பது பக்கீர்களோடு பாவாதமலைக்குப் போகும் வழியில் பசி பொறுக்காமல் கூட்டத்தார் ஒரு யானைக்குட்டியைக் கொன்று தின்கிறார்கள். ஷெய்கு தடுக்கிறார், தான் தொடவில்லை. இரவில் யானைகள் வந்து ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்துக் கொன்று, ஷெய்கை மட்டும் முதுகில் தூக்கிப்போய் ஊர்மனையில் விடுகின்றன. அன்றிலிருந்துதான் இந்நாட்டார் முஸ்லிம்களை மதித்தார்கள் என்பது கதையின் முடிவு. "நாம காலையில என்ன சாப்பிட்ட?" என்று நண்பர் கேட்டார். இடியப்பமும் சொதியும் என்றேன். அப்படியென்றால் பயமில்லை என்றார்.

சியம்பலாண்டுவையை அண்டும்போது வலப்பக்கம் கோவிந்தஹெல எழுந்து நிற்கிறது. வெள்ளைக்காரர் அதற்குத் தம் நாட்டுத் தேவாலயத்தின் பெயரால் 'வெஸ்ட்மின்ஸ்டர் அபே' என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொருவனும் தூரத்து மலையில் தன் ஊரைத்தான் பார்க்கிறான் போலும். அங்கிருந்து ஊவாவுக்குள் ஏறுகிற இந்தப் பக்கம் நம்முடைய ஆட்களுக்குப் புதியதல்ல. 1626இல் கண்டி மன்னன் செனரத், போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிம்களில் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது நாம் எல்லோரும் எழுதுகிற செய்தி. அவர்கள் வந்தபிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அவ்வளவாக எழுதுவதில்லை. கரையின் உப்பையும் கருவாட்டையும் துணியையும் பொதிமாடுகளில் ஏற்றிக்கொண்டு கண்டிச்சீமைக்குப் போய்ப் பாக்கும் தானியமும் கொண்டு திரும்பிய தவளம் வியாபாரம் அவர்கள் கால்களால் நடந்தது. 1602இல் மட்டக்களப்பில் வந்திறங்கிய ஒல்லாந்துக் கப்பல் தலைவர் ஸ்பில்பேர்கன், விந்தனை வழியாகக் கண்டிக்குப் போனதை வரலாற்று நூல்கள் பெரிதாகச் சொல்லும். அப்படியான வழிகளில் வருடாவருடம் மாட்டுக்குப் பின்னால் நடந்தவர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை. வீதி வந்தது, லொறி வந்தது, தவளம் முடிந்தது; பாதைகளைக் காடு மூடிவிட்டது.

வெல்லவாயவிலிருந்து பெரகலைக்கு ஏறும் வளைவுகளில் எங்கள் கரையோரத்து மோட்டார் சைக்கிள் மூச்சுவாங்கியது. பலாங்கொடைக்கு இப்பால் குரகலைக்குத் திரும்பினோம். நமக்கு அது தப்தர் ஜெய்லானி. முஹியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள் பாவாதமலைக்குப் போகும் வழியில் அங்குள்ள குகையில் தவமிருந்தார்கள் என்பது நம்முடைய மரபு. என் உம்மாவுக்கு அங்கே ஒரு நேர்ச்சை இருந்தது. கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தை விட்டால் அவருக்குத் தெரிந்த யாத்திரைத் தலம் அது ஒன்றுதான். அங்குள்ள பள்ளிவாசல் 1922இல் கட்டப்பட்டது. பலாங்கொடைப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த எம்.எல்.எம். அபூசாலி அந்த இடத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதே பாறைகளில் கிறிஸ்துவுக்கு முற்பட்ட பிராமிக் கல்வெட்டுகளும் இருக்கின்றன; புத்த பிக்குகளுக்கு அளிக்கப்பட்ட குகைகள் அவை. 2013இல் பள்ளிவாசலை அகற்றும்படி கிளர்ச்சி நடந்ததும் சில கட்டடங்கள் அகற்றப்பட்டதும், 2022இல் அரச வெசாக் விழாவுக்கு அந்த இடம் தெரிவானதும் வாசகர்கள் அறிந்தவை.

அந்தக் குகை வாயிலில் உட்கார்ந்தபோது மனம் சஞ்சலப்பட்டதை மறைக்க வேண்டியதில்லை. ஜீலானி அவர்கள் 1166இல் பக்தாதில் வபாத்தானார்கள். அவர்கள் இலங்கைக்கு வந்ததற்குச் சமகாலச் சான்று எதுவும் நம் கையில் இல்லை என்பதை ஒரு வரலாற்று ஆசிரியனாக நான் சொல்லியாக வேண்டும். இதைச் சொன்னால் நம்மில் ஒரு சாரார் கோபிப்பார்கள். "பார்த்தீர்களா, எல்லாம் பித்அத்" என்று இன்னொரு சாரார் மகிழ்வார்கள். இருவருக்கும் நான் சொல்வது ஒன்றே. பெரியார் வந்தாரா என்பது ஒரு கேள்வி. தலைமுறை தலைமுறையாக நம்முடைய ஏழைகள் அங்கே நடந்து வந்தார்களா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு விடை நம்பிக்கையில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை அந்தப் பாறையில் தேய்ந்து வழுக்குகிற படிகளில் இருக்கிறது. நாம் முதலாவதை வைத்து வழக்காடி, இரண்டாவதைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டோம். உம்மாவின் காலத்தில் கரையோரத்திலிருந்து யார் யார், எந்த மாதத்தில், எதில் ஏறி, எங்கே இறங்கி நடந்தார்கள் என்று எழுதிவைத்த ஒரு கொப்பி கூட நம்மிடம் இல்லை.

இரத்தினபுரியில் இரவு தங்கி, மறுநாள் கிலிமலை வழியாகப் பலாபத்தலைக்குப் போனோம். ஹட்டன், நல்லதண்ணி வழி இலகுவானது, பெருங்கூட்டம் அதில்தான் போகிறது. இரத்தினபுரி வழி பழையது, நீளமானது, செங்குத்தானது. இப்னு பதூதா இரண்டு வழிகளைச் சொல்கிறார். மாமா வழி இலகு. யாத்திரிகர்கள் திரும்பும்போது வருவது அதனால். அதிலேயே ஏறிப்போனவனை யாத்திரை செய்தவனாகவே கணக்கில் எடுக்கமாட்டார்கள். பாபா வழி கடினம். இரத்தினபுரிப் பக்கத்து வழியையே பாபா வழி என்று பலரும் கொள்கிறார்கள். ஹட்டன் வழியாகப் போய்வந்த எங்கள் அதிபரிடம் இதைச் சொல்லி அவரைச் சீண்டுவதற்காகவே இந்த வழியைத் தெரிந்தோம் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அட்டை. இந்தப் பாதையைப் பற்றி எழுதுகிற யாரும் அட்டையைத் தவிர்க்க முடியாது. நீர்நிலைகளுக்குப் பக்கத்துப் புல்லிலும் மரத்திலும் இருந்து ஆள் மீது பாய்கிற அட்டைகளைப் பற்றி அவர் எழுதுகிறார். போகிறவர்கள் எலுமிச்சம்பழம் கையில் வைத்திருப்பார்களாம், பிழிந்தால் விழுந்துவிடும். பாபா கூஸி என்ற ஒருவர் அட்டை கடித்ததைச் சட்டை செய்யாமல் இருந்து இரத்தம் வடிந்து இறந்துபோனார், அவர் பெயரில் ஒரு குகையும் உண்டு என்கிறார். எங்களிடம் தேசிக்காயும் இருந்தது, சவர்க்காரக் கட்டியும் இருந்தது. இரண்டையும் பரீட்சித்ததில் சவர்க்காரமே மேல். ஆனால் பதினான்காம் நூற்றாண்டு மருந்தும் வேலை செய்கிறது என்பதை என் இடது கணுக்காலைச் சாட்சிவைத்துச் சொல்வேன்.

அவருடைய எழுத்தில் எது பார்த்தது, எது கேட்டது என்பது இந்தப் பாதையில் நடக்கும்போது தானாகவே பிரிந்துவிடுகிறது. குரங்குகளுக்கு அரசன் உண்டு, கோலோடு அமர்ந்திருக்கும் என்ற கதையை அவர் எழுதும்போது, ஷெய்கு உஸ்மானும் பிள்ளைகளும் சொன்னார்கள் என்று பெயர் சொல்லிவிடுகிறார். மேலே ஏறிய பிறகு முகில் கீழே நின்று அடிவாரத்தை மறைத்தது என்பதையும், உள்ளங்கையளவு பெரிய சிவப்பு மலர்களையும் எழுதும்போது யார் பெயரையும் சொல்வதில்லை. அந்தச் சிவப்பு மலர் மலைப்பூவரசு என்று நினைக்கிறேன், நாங்களும் பார்த்தோம். முகிலும் அப்படியே கீழே நின்றது. இத்தனைக்கும் அவர் இதை வாயால் சொல்லி எழுதுவித்து முடித்தது 1355இல், பதினொரு ஆண்டுகள் கழித்து, பேஸ் நகரத்தில்.

ஊன்றுகோல் வெட்டும் இடம் என்று பொருள்படும் ஹெரமிட்டிபானைக்கு வரும்போது இருட்டிவிட்டது. குருவிட்டைப் பக்கத்து வழியும் அங்கே வந்து சேர்கிறது. ஒரு சிங்களக் கிராமத்துக் கூட்டம் எங்களுக்கு முன்னால் இருந்தது. அவர்களுக்கு ஒரு நடே குரா, அதாவது யாத்திரைக் கூட்டத்தின் தலைவர், எழுபது வயதுக்கு மேலிருக்கும். இறங்கி வருகிறவர்களைப் பார்த்து ஏறுகிறவர்கள் 'கருணாவயி' என்று சொல்வது வழக்கம். எங்கள் தொப்பியைப் பார்த்துவிட்டு ஓர் இளைஞர் தயங்கினார். நடே குரா தயங்கவில்லை. முதல்தரமா வருகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். ஆம் என்றோம். அப்படியென்றால் என் பின்னால் வாருங்கள், இந்த இடத்தில் வேகமாக ஏறினால் நெஞ்சு அடைக்கும் என்றார். பிளேன்ரீ வாங்கித் தந்தார், காசு கொடுக்க விடவில்லை. அவருடைய கூட்டத்தில் வயதான பெண்களும் இருந்தார்கள். நாங்கள் இருவரும் கடைசியாக நடந்தோம்.

சங்கிலிகள் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். மார்க்கோ போலோவும் குறிப்பிடுகிறார். இஸ்கந்தர் நாட்டிய சங்கிலிகள் என்று ஒரு பாரசீகக் கதையும் உண்டு. இப்னு பதூதா எண்ணிச் சொல்கிறார்: பத்துச் சங்கிலிகள். வாசலருகே இரண்டு, அடுத்து ஏழு, பத்தாவது ஷஹாதாச் சங்கிலி. அந்த இடத்துக்கு வந்து கீழே பார்ப்பவன் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கலிமாவைச் சொல்லிவிடுவான், அதனால் அந்தப் பெயர். இன்று படிகளும் இரும்புக் கைப்பிடிகளும் மின்விளக்கும் இருக்கின்றன. பயத்துக்கு அவை போதவில்லை. ஓரிடத்தில் காற்று பக்கவாட்டில் அடித்தது. எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தன் பாட்டை உரத்துச் சொல்லத் தொடங்கினார். என் வாயில் கலிமா வந்தது. எண்ணிப் பார்த்துச் சொன்னதல்ல, தானாக வந்தது. பின்னால் நண்பரும் சொல்வது கேட்டது.

2,243 மீற்றர் உயரத்து உச்சியில் குளிர் எலும்பைத் தொட்டது. அங்கே நாம் காண்பது ஒரு மூடிய மண்டபமும் துணியும்தான். பாறையிலுள்ள தடம் அவற்றின் கீழே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏறி அளந்த ஐரோப்பியர் ஐந்தரை அடி அளவில் எழுதியிருக்கிறார்கள். இப்னு பதூதாவின் அளவு பதினொரு சாண். பெருவிரல் பகுதியைச் சீனர் முற்காலத்தில் வெட்டிக்கொண்டுபோய் ஸைத்தூன் நகரத்துக் கோயிலில் வைத்தார்கள் என்றும் எழுதுகிறார். யாத்திரிகர் பொன்னும் மணியும் வைக்கும் ஒன்பது குழிகள் பாறையில் இருந்தனவாம். அவற்றில் இருப்பதை முந்தி எடுப்பதற்கு நம்முடைய பக்கீர்கள் கிழ்ருக் குகையிலிருந்து ஓட்டப் பந்தயம் ஓடுவார்களாம். தமக்குச் சில கற்களும் கொஞ்சம் பொன்னும் கிடைத்தன, வழிகாட்டிக்குக் கொடுத்துவிட்டோம் என்கிறார். நம்மவர்களைப் பற்றி இதை எழுதக் கூச்சப்படாத அந்த மனிதர் மீது எனக்கு மரியாதை கூடியது. சூரியன் எழுந்தபோது மலையின் நிழல் மேற்கே முக்கோணமாக விழுந்தது. நடே குராவின் கூட்டத்தார் ஸாது சொன்னார்கள். நாங்கள் ஒதுங்கி நின்று, பிந்திப்போன சுபஹைத் தொழுதோம். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. எல்லோரும் கிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊருக்குத் திரும்பிய வாரம் பையனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பட்டியலை வாசித்துக் காட்டினேன்: நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள். ஷெய்கு உஸ்மானின் கையையும் காலையும் சொன்னேன், சந்தை வருமானத்தையும் சொன்னேன். வகுப்பு அமைதியாக இருந்தது. பிறகு மைதானத்துக்குக் கூட்டிப்போய்க் கயிறு பிடிக்கச் சொன்னேன். எழுபது முழம் கோல் கம்பத்திலிருந்து மைதானத்தின் நடுப்பகுதி வரை போனது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பதினொரு சாண் கயிறு எட்டேகால் அடி. ஐந்தரை அடிக் கயிற்றை அதன் பக்கத்தில் வைத்தோம்.

"அப்ப அவரும் கூட்டித்தானே சேர் சொல்லியிருக்கார்?" என்றான் பையன்.

ஓம் என்றேன், கொஞ்சம்.

"நீங்க எவ்வளவு சேர் கண்ட நீங்க?"

துணிதான் கண்டேன் என்றேன். மூன்று கயிறுகளும் இப்போது வகுப்பறை அலுமாரியில் இருக்கின்றன. எழுபது முழக் கயிறு மட்டும் ஏதாவது விளையாட்டுப் போட்டி வந்தால் வெளியே போய்வரும்.